பின்னாடி நிற்க ஒரு ஆள்

உக்காருங்க அம்மணி. அந்தத் துணி தொவைக்கற மிசின் முடியறதுக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் காட்டுது, அதுவரைக்கும் நின்னுட்டேவா இருப்பீங்க? அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. நீங்க தமிழ்தானுங்களே? தெரியும். நேத்து சாயங்காலமே தெரியும். "டேய் பிரசன்னா, வெறகு எடுத்துட்டு வாடா"ன்னு ஒரு சத்தம் போட்டீங்க பாருங்க, அங்க, டிரெய்லர் நிறுத்தற பதினாலாம் நம்பர் எடத்துல உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தவன் டம்ளரைக் கீழ வெச்சுட்டேன். அலபாமா கடற்கரையில, இத்தனை வெள்ளைக்காரங்க மத்தியில, ஒரு பொம்பளப்புள்ள கட்டுன புருசனை டேய்ங்குது. நான் அந்தத் தம்பி மூஞ்சியைத்தான் பாத்தேன். அவரு பாட்டுக்குச் சிரிச்சுட்டே வெறகைத் தூக்கிட்டு வர்றாரு.

தப்பா எடுத்துக்காதீங்க. குத்தம் சொல்லலை. உங்க காலம் வேற. ஆனா ஒண்ணு கேக்கறேன், அவருக்குக் கோவமே வராதுங்களா? என்ன சொன்னீங்க? சித்த சத்தமாச் சொல்லுங்க, இந்த மிசின் உறுமுறதுல கேக்கலை. ஓ, காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவங்களா. அப்பச் சரி, அப்பச் சரி. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குமுங்க, மிசின் சத்தம்தான்.

நாங்க கோபிச்செட்டிபாளையத்துக்காரங்க. ஊட்டுக்காரி பேரு வசந்தாமணி. அமெரிக்கா வந்து முப்பத்தாறு வருசம் ஆச்சு. ஹூஸ்டன் பக்கத்துல ஒரு ரசாயன ஆலையில கம்ப்ரசர் பாக்கற வேலை. ஒரே ஆலை, ஒரே வேலை, ரிட்டயர் ஆகற வரைக்கும். லீவு கெடைச்சா ஊருக்குப் போவோம், கண்ணாலம் காதுகுத்துன்னு மூணு வாரம் ஓடிப்போயிரும், திரும்பி வந்துருவோம். இந்த நாட்டை நாங்க பாத்ததே இல்லீங்க. ஆலையைத்தான் பாத்தோம்.

இதெல்லாம் அவ ஆசைக்குத்தான் பண்ணுனேன் அம்மணி. அதை மொதல்ல சொல்லீர்றேன், ஏன்னா எங்க பொண்ணு தாரணி போன்ல வேற மாதிரி பேசுது. தொண்ணூத்திநாலுல ஒரு நாள் ஹைவேயில போறப்ப எங்களுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒரு டிரெய்லர், வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுக்கற ஊடு, போச்சு. வசந்தாமணி அதைப் பாத்துட்டு, "ஏனுங்க, அதுக்குள்ள அடுப்பு இருக்குமுங்களா?"ன்னு கேட்டா. அன்னிக்கே நான் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், இவளுக்கு ஒரு நாள் இதை வாங்கித் தந்தே தீரோணும்னு. முப்பது வருசம் அவகிட்ட மூச்சு விடலை. ரிட்டயர் ஆன மறு வாரம் வாசல்ல கொண்டாந்து நிறுத்தி, "வா, வந்து பாரு, அடுப்பு இருக்குது"ன்னேன். இருபத்தேழு அடி. வெள்ளை வெளேர்னு நிக்குது. அவ ஏறிப் பாத்தா, எறங்குனா, உள்ள போயி சோத்துக்கு அரிசி களைஞ்சா. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

ஊட்டை வித்துட்டேன். பின்னே? ஒரு வருசம் ரோட்டுல இருக்கப்போறோம், பூட்டிக் கெடக்கற ஊட்டுக்கு எதுக்கு வரி கட்டறது? கையெழுத்துப் போடற எடத்துல வெரலை வெச்சுக் காட்டுனேன், போட்டா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? சொல்லலை. இல்ல, சொன்னாளோ என்னமோ. அவ பேசறது பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காது. நாப்பது வருசமா நான் சொல்லிட்டு இருக்கேன், வாயைத் தொறந்து பேசுன்னு.

பின்கட்டுல அவ ஒரு கறிவேப்பிலை மரம் வெச்சிருந்தா. குளிர்காலத்துல போர்வை போத்தி, பல்பு போட்டு, அதுக்கு அவ பண்ணுன சேவகத்தை எனக்குக்கூடப் பண்ணுனதில்லை. அதை எப்படி டிரெய்லர்ல ஏத்தறது? பக்கத்து ஊட்டு வியட்நாம்காரம்மாகிட்டக் குடுத்துட்டு, ஒரே ஒரு சின்னக் கன்னை மட்டும் பிளாஸ்டிக் கப்புல வெச்சு எடுத்துட்டு வந்தா. வண்டி ஓடறப்ப அது சாயக்கூடாதுன்னு பாத்திரம் கழுவற தொட்டிக்குள்ள நிக்க வெப்பா. எறங்குனதும் மொத வேலை அதைப் போயிப் பாக்கறதுதான். நான் டயரைப் பாக்கறேன், கொக்கியைப் பாக்கறேன், அவ கப்பைப் பாக்கறா.

திட்டம் எல்லாம் நான் போட்டதுங்க. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, அப்பறம் புளோரிடாவுல கடைசி முனை. அதுக்கு மேல ரோடே இல்ல, கடல்தான். அங்க போயி நின்னு ரெண்டு பேரும் ஒரு போட்டோ எடுக்கோணும். தெற்கு ஓரமாவே போறது, ஏன்னா அவளுக்குக் குளிர் ஆகாது. பாருங்க, அதையும் யோசிச்சுத்தான் பண்ணுனேன்.

உங்களுது வாடகை வண்டி, என்ஜினோட சேர்ந்தது, உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. டிரெய்லரை முன்னாடி இழுத்துட்டுப் போறதுல ஒண்ணுமில்லை. பின்னாடி தள்ளி எடத்துல நிறுத்தறதுதான் வேலை. ஸ்டியரிங்கை எடப்பக்கம் ஒடிச்சா டிரெய்லர் வலப்பக்கம் போகும். தனி ஆளாப் பண்ணவே முடியாது, பின்னாடி நிக்க ஒரு ஆள் வேணும். வசந்தாமணி நிப்பா.

மொத நாள், டெக்சாஸ்ல, நான் பின்னாடி எடுக்கறேன், அவ "ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க"ன்னு கையை ஆட்டறா. ஏனுங்கன்னா என்ன அர்த்தம்? வான்னா? நில்லுன்னா? அக்கம்பக்கம் நாக்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாக்கறாங்க. இவங்களுக்கு அதொரு பொழுதுபோக்கு அம்மணி, புதுசா எவனாவது வந்து பின்னாடி எடுத்தா பீரைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்துருவாங்க. எனக்கு மானம் போயிருச்சு. அன்னிக்கே ரூல் போட்டேன். சத்தமே கூடாது. கையில காட்டோணும். எடது கைன்னா எடம், வலது கைன்னா வலம், ரெண்டு கையும் தூக்குனா நில்லு. பன்னெண்டு சைகை. படம் வரைஞ்சு, லேமினேட் பண்ணி, அடுப்புக்கு மேல ஒட்டினேன். இன்னொரு ரூல், அதுதான் முக்கியம்: எப்பவும் என்ற கண்ணாடியில தெரியற மாதிரி நிக்கோணும். கண்ணாடியில நீ தெரியலைன்னா நான் வண்டியை நகத்தவே மாட்டேன், அப்படியே நிறுத்திருவேன்னு சொன்னேன். பெரிய பெரிய லாரிக்காரங்க வெச்சிருக்கற ரூல் அது.

அவ நல்லாக் கத்துக்கிட்டா. பொய் சொல்லப்படாது. ஒரு வாரத்துல கோயில் பூசாரி தீபாராதனை காட்டற மாதிரி நிதானமாக் கையைக் காட்டுவா. ஆனா மூஞ்சியில ஒண்ணும் இருக்காது. இப்படி, செவுரு மாதிரி.

எடத்துல நிறுத்துனதும் ரசமட்டம் வெச்சுப் பாக்கோணும். இந்தப் பக்கம் தாழ்ந்திருந்தா சக்கரத்துக்கு அடியில பலகை குடுக்கோணும். நான் அதுல கெட்டிக்காரன், முப்பது வருசம் மிசினுக்கு மட்டம் பாத்தவன். நான் குமிழியைப் பாத்துச் சரியா இருக்குதும்பேன், அவ உள்ள தோசை ஊத்துவா. மாவு ஒரு பக்கமா ஓடும். "ஏனுங்க, சாஞ்சிருக்குது"ம்பா. "உன்ற கல்லு கோணல்"ம்பேன். அப்பறம் கோணல் தோசையைத்தான் திம்போம். தெனமும் இது ஒரு கூத்து. இப்ப நெனைச்சாச் சிரிப்பு வருது. அவ சிரிச்சாளான்னு ஞாபகம் இல்லீங்க.

லூசியானாவுல ஒரு பாலம் அம்மணி. சதுப்புக் காட்டுக்கு மேல பதினெட்டு மைல் நீளம். எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு, தண்ணிக்குள்ள மரம் மரமா நிக்குது, கொக்கு பறக்குது. "பாரு, பாரு"ங்கறேன். அவ, "ஏனுங்க, இதுல நடுவுல எங்கயாவது எறங்க முடியுமுங்களா?"ன்னு கேட்டா. "எதுக்கு, பாத்ரூமா?"ன்னேன். "இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன்"னா. அவ்வளவுதான். மறுபடி ஜன்னலைப் பாத்துக்கிட்டா.

மிசிசிப்பியில பின்னாடி ஒரு மரக்கட்டைக் கம்பம் நின்னுருக்குது, நான் இடிச்சுட்டேன். செகப்பு லைட்டு ஒடைஞ்சுபோச்சு. அவ ரெண்டு கையையும் தூக்குனாளாம். நான் அந்த நேரம் இந்தப் பக்கக் கண்ணாடியைப் பாத்துட்டேன். அதுக்கு நான் என்ன பண்றது? "பின்னாடி என்ன இருக்குதுன்னு சொல்லத்தானே நிக்கறே? பக்கத்துல போயிப் பாத்துச் சொல்றதுக்கென்ன?"ன்னு சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாத்தான் போட்டுட்டேன். அன்னிக்கு மத்தியானம் அவ சோத்தைப் போட்டுட்டு, "நாம ஊட்டுக்குப் போயிரலாமுங்க"ன்னா. எந்த ஊட்டுக்குன்னு கேட்டேன். ஊடு எங்க இருக்குது, வித்தாச்சேன்னேன். அவ, "அதானுங்க"ன்னா.

அந்த "அதானுங்க" எனக்குச் சுருக்குன்னு குத்திருச்சு. முப்பது வருசம் மனசுல பொத்தி வெச்சு ஒருத்திக்கு ஒண்ணு செஞ்சா அவ இப்படியா பேசறது? மறுநாள் நூறு மைல் ஒரு வார்த்தை பேசாம ஓட்டிட்டு வந்தேன். அந்தக் கோவத்தோடதான் இங்க வந்து சேர்ந்தேன்.

இங்கதாங்க. இதே எடம், இதே பதினாலாம் நம்பர். பின்னாடி ஒரு பைன் மரம் நிக்குது பாத்தீங்களா? ஒரு பக்கம் கரண்டு பொட்டி, ஒரு பக்கம் சிமெண்ட் மேசை. இப்பத்தான் அந்த மரத்து மகரந்தப்பொடி கொஞ்சம் ஓஞ்சிருக்குது, அன்னிக்கு வண்டி கண்ணாடியெல்லாம் மஞ்சளா அப்பிக் கெடக்குது. நான் பின்னாடி எடுக்கறேன். வசந்தாமணி கண்ணாடியில நிக்கறா, கையைக் காட்டறா, வரலாம், வரலாம். அப்பறம் கண்ணாடியில அவ இல்ல.

எங்க போனான்னா, மரத்துக்கு முன்னாடி போயி நின்னுருக்கறா. முந்தின நாள் மிசிசிப்பியில நான் சொன்னேனல்ல, பக்கத்துல போயிப் பாருன்னு. எத்தனை எடம் இருக்குதுன்னு பாக்கப் போயிட்டா. மரத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவுல. வெலகறதுக்கு அந்தப் பக்கம் மேசை, இந்தப் பக்கம் பொட்டி. ஏசி ஓடுது, எடது காதுல எனக்குக் கொஞ்சம் மந்தம்தான், கம்ப்ரசர் பக்கம் நின்ன காது அது, ஒத்துக்கறேன். தாரணி மிசின் வாங்கிக் குடுத்துருக்குது, காதுல வெக்கறது. டப்பாவுல பத்திரமா இருக்குது. அதை மாட்டுனா மனுசன் கெழவனாட்டம் தெரியறான்.

பக்கத்து எடத்துல ஒரு வெள்ளைக்காரக் கெழவர் இருந்தாரு. வசந்தாமணி ஆறேழு தரம் கூப்பிட்டான்னு அவரு தாரணிகிட்டச் சொல்லியிருக்காரு. "ஏனுங்க, ஏனுங்க"ன்னு. அவருக்கு அது என்ன பாசைன்னு தெரியலையாம், ஆனா பயத்துல கூப்பிடறாங்கன்னு தெரிஞ்சுதாம். எனக்குக் கேக்கலை. சத்தியமாக் கேக்கலை.

அப்பறம்தான் அது கேட்டுச்சு. என்ற பேரு. முழுப் பேரையும் சொல்லி, நிறுத்துடான்னு. டா போட்டு.

பிரேக்கைப் போட்டுட்டேன். அம்மணி, கண்ணாலம் ஆயி நாப்பத்தொரு வருசத்துல அவ என்ற பேரைச் சொன்னதே இல்ல. இங்க வந்து ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல, புருசன் பேரு என்னன்னு கேட்டா எழுதித்தான் காட்டுவா. எங்கம்மா போனதுக்கு அப்பறம் முழுப் பேரையும் சொல்லி என்னைக் கூப்பிட ஆளே கெடையாது, ஆலையில பாதியா வெட்டி ஏதோ சொல்லுவாங்க. அதை அத்தனை சனத்துக்கு முன்னாடி, டா போட்டு, தொண்டை கிழியக் கத்தறா. எனக்கு ரத்தம் பொடனிக்கு ஏறிருச்சு. கதவைத் தொறந்துட்டு எறங்கிப் போயி, "யாரை டாங்கறே? பேரைச் சொல்லுவியா நீ?"ன்னு கேட்டேன்.

அவ அங்கயே நிக்கறா. முதுகு மரத்துல ஒட்டியிருக்குது, ரெண்டு உள்ளங்கையும் டிரெய்லர் மேல. நான் டேப்பை எடுத்து அளந்தேன். நெசமாத்தான் சொல்றேன், அளந்து காட்டுனேன். ஒம்போது அங்குலம். மரத்துக்கும் பம்பருக்கும் நடுவுல ஒம்போது அங்குலம் இருக்குது, ஒண்ணும் ஆயிருக்காது, எதுக்கு இந்தக் கூப்பாடுன்னு கேட்டேன். என்ன பாக்கறீங்க? ஒம்போது அங்குலம்னா இவ்வளவு. இவ்வளவு அம்மணி. அவ ஒல்லிதான்.

அப்ப அவ ஒரு கேள்வி கேட்டா. சாதாரணமா, எப்பவும் பேசற மாதிரி மெதுவா. மரியாதையோட. ஆனா எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

"கண்ணாடியில நான் தெரிஞ்சனுங்களா?"

இல்லைன்னேன்.

"அப்பறம் ஏனுங்க வந்தீங்க?"

இது என்ன கேள்வி? குதர்க்கமான கேள்வி. தெரியாம வந்துட்டேன்னு சொன்னேன். நான் அப்படித்தானே சொல்ல முடியும்? அவ தலையை மட்டும் ஆட்டுனா. நான் வண்டியை ஒரு அடி முன்னாடி எடுத்தேன், அவ வெளிய வந்தா. உள்ள போயி ரசம் வெச்சா, பொரியல் பண்ணுனா, எனக்குப் போட்டா, பாத்திரத்தைக் கழுவுனா. எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நெனைச்சேன். மறுநாள் பத்து மணிக்குத் தாரணி கார் வந்து நிக்குது. அட்லாண்டாவுல இருந்து ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்குது, விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி. எப்பப் போன் பண்ணுனா, என்னன்னு பண்ணுனா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு பை. அந்தக் கறிவேப்பிலைக் கப்பு மடியில. "சோறு வடிச்சு வெச்சிருக்கேனுங்க"ன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டா. நான் சும்மா இருப்பனா? "போறதுன்னா போ, பேரைச் சொன்னதுக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போ"ன்னேன். தாரணிதான் என்னை ஒரு பார்வை பாத்துச்சு. கார் போயிருச்சு.

இன்னியோட பத்தொம்போது நாள்.

தெனமும் போன் பண்றேன். வசந்தாமணி எடுக்கறதில்லை. தாரணி எடுத்து, "அம்மா நல்லா இருக்காங்கப்பா"ங்குது. என்ன பண்றாங்கன்னா, நடக்கப் போறாங்களாம், அங்க நாலு குஜராத்திப் பொம்பளைங்களோட சேர்ந்து. முந்தாநாள் சொல்லுது, "அம்மா சிரிக்கறாங்கப்பா. எனக்கு அம்மா சிரிக்கற சத்தம் இப்படி இருக்கும்னே தெரியாது"ன்னு. எனக்கு நம்பிக்கை இல்லீங்க. அவ சத்தமாச் சிரிக்கற ஆளே இல்ல. பொண்ணுக்கு வெசனம் வேண்டாம்னு நடிக்கறா.

கோபிக்குப் போறாளாம். தங்கச்சி ஊட்டு மாடி சும்மாத்தான் கெடக்குதாம். ஒரு பக்க டிக்கெட்டு. என்னமோ சொல்றீங்க, கேக்கலை. எந்த நாளா? வெள்ளிக்கெழம. ஆமாங்க, இன்னிக்குத்தான். நாலு மணி பிளைட்டு.

தெரியுமுங்க. இப்ப மணி பன்னெண்டே முக்கால். அட்லாண்டாவுல இங்கத்ததை விட ஒரு மணி முன்னாடி வேற. கணக்கெல்லாம் எனக்குத் தெரியும்.

அதையேதான் தாரணியும் கேட்டுச்சு. டிரெய்லரைக் கழட்டி இங்கயே விட்டுட்டு இழுக்கற வண்டியை மட்டும் எடுத்துட்டு வரலாமேப்பான்னு. பத்தொம்போது நாள் இருந்துச்சே, ஆறு மணி நேரம்தானேன்னு நீங்களும் கேக்கறீங்க. டிரெய்லரை எப்படி அம்மணி விட்டுட்டுப் போறது? கரண்டு போனா பிரிட்ஜ் என்ன ஆகும்? கழிவுத் தொட்டி நெறைஞ்சு கெடக்குது. மழை சீசன். மேல்கூரையில ஒரு எடத்துல ஒழுகுது, நான் பாத்து ஒட்டிட்டு இருக்கேன். அப்பறம் ஒடைஞ்ச லைட்டுக்கு ஆர்டர் போட்டிருந்தேன், அது வர்றதுக்கே பன்னெண்டு நாள் ஆயிருச்சு. லைட்டு இல்லாம ரோட்டுல எப்படி…

ஆமா. வண்டியை மட்டும் எடுத்துட்டுப் போறதுக்கு டிரெய்லர் லைட்டு வேண்டியதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

போயி என்னன்னு சொல்றது அம்மணி? மறுபடியும் அவ அந்தக் கேள்வியைக் கேட்டுட்டா? அது ஒண்ணுதான் எனக்குப் பயம். வேற எது கேட்டாலும் பதில் சொல்லிருவேன். ஊட்டை ஏன் வித்தேன்னு கேட்டாச் சொல்லுவேன், கறிவேப்பிலை மரத்துக்குக்கூட ஏதாவது சொல்லுவேன்.

உங்ககிட்டச் சொல்லீர்றேன். நாளைக்கு நீங்க யாரோ, நான் யாரோ. கண்ணாடியில அவ இல்லைங்கறது எனக்குத் தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது. ரூல் நான் போட்டது, நிறுத்தியிருக்கோணும். கால் பிரேக்குக்குப் போச்சு. அப்ப அந்த "அதானுங்க" ஞாபகம் வந்துச்சு. ரொம்பத்தான் பண்றா, நிக்காம எங்கயோ போயிட்டா, போகட்டும், அவ இல்லாட்டி எனக்கு வண்டி எடுக்கத் தெரியாதான்னு காலை எடுத்துட்டேன். அவ்வளவுதான். ரெண்டு செகண்டு இருக்கும். அவளைக் கொல்லோணும்னா வந்தேன்? இல்லவே இல்ல. ஆனா நிறுத்தலை. அவளுக்கு அது தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டா. பேரைச் சொன்னான்னு நான் குதிச்சேனே, அதைச் சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு நான் எங்க இருப்பேன், அவ எங்க இருப்பா? பத்தொம்போது நாளா அந்த மரத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். டிரெய்லர் அன்னிக்கு நின்ன எடத்துலயே குறுக்காக் கெடக்குது, நேரா நிறுத்தக்கூட இல்ல. உள்ள எல்லாம் சாஞ்சு கெடக்குது. தூங்குனா உருண்டு செவுத்துல போயி முட்டறேன்.

அழுகலை அம்மணி, கண்ணுல பொடி. நீங்க உக்காருங்க.

இப்ப என்னன்னா, ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, பதினாலாம் நம்பரை வேற யாரோ புக் பண்ணியிருக்காங்களாம், இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள காலி பண்ணோணும். முப்பத்தொண்ணு தர்றாங்க. அதுவும் பின்னாடி தள்ளி நிறுத்தற எடம்தான், பின்னாடி மரம், பக்கத்துல ஒரு தண்ணிக் கொழாய். முன்னாடி நுழைஞ்சு முன்னாடியே வெளிய போற எடம் இருக்குதான்னு கேட்டேன், ஒண்ணும் காலி இல்லையாம். பக்கத்துக் கெழவரைக் கேக்கலாம்னா அவரு போன வாரமே போயிட்டாரு. இருந்திருந்தாலும் எனக்கு நின்னிருக்க மாட்டாரு.

அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். உங்க ஊட்டுக்காரர் புள்ளைங்களைக் கூட்டிட்டு மீன் புடிக்கப் போயிட்டாரு, பாத்தேன். மிசின் நின்னதும் ஒரு அஞ்சு நிமிசம் வந்து பின்னாடி நில்லுங்க, போதும். பன்னெண்டு சைகையெல்லாம் வேண்டாம். அந்த அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டேன். மரத்துக்கிட்ட மட்டும் போகாதீங்க. தூரமா, ரோட்டு மேல நில்லுங்க. இடிச்சா இடிக்கட்டும்.

சத்தம் போடுங்க. அதுதான் வேணும். நீங்க நேத்து உங்க ஊட்டுக்காரரைக் கூப்பிட்டீங்க பாருங்க, அந்த மாதிரி. சாருன்னு கூப்பிட்டா எனக்குக் கேக்காது. அங்கிள்னாலும் கேக்காது. பேரைச் சொல்லிக் கூப்பிடோணும்.

பேரு நாச்சிமுத்துங்க.

இப்ப ஒரு தரம் சொல்லிப் பாருங்க. கூச்சப்படாதீங்க, இங்க யாரு இருக்கறா? இல்ல, அப்படி இல்ல, நீங்க ஆபீஸ்ல பேரு படிக்கற மாதிரி படிக்கறீங்க. இன்னும் சத்தமா. வயித்துல இருந்து வரோணும். டா போடுங்க. பரவாயில்லை அம்மணி, போடுங்க, நானே சொல்றேன். எதுத்தாப்புல ஒருத்தன் கண்ணைத் தொறந்துக்கிட்டே உங்க மேல வண்டியை ஏத்த வர்றான்னு நெனைச்சுக்கிட்டுச் சொல்லுங்க.

ம். இப்பக் கேட்டுச்சு.